கதவு சாத்திய சோதனை

கதவைச் சாத்தச் சொன்னது நான்தான். சாத்தியதும் அதன் ரப்பர் விளிம்பு சப்பென்று ஒட்டிக்கொண்டது, வெற்றிலை எச்சிலோடு கன்னத்தில் முத்தம் கொடுக்கிற உறவுக்காரக் கிழவர்களின் சத்தம், சின்ன வயதில் நான் உடனே பாவாடை நுனியால் துடைத்துக்கொள்வேன், அம்மா தொடையில் கிள்ளுவாள். இப்போது துடைத்துக்கொள்ள ஒன்றுமில்லை. ரத்ததான வண்டிக்குள் நான் மட்டும். சாய்வுப் படுக்கைகள், திறக்க முடியாத கண்ணாடி சன்னல்கள், ரத்தப் பைகளுக்கான பிரிட்ஜ், பையை வைத்து மெல்ல ஆட்டுகிற சின்னத் தட்டு. தகரச் சுவருக்கு அந்தப் பக்கம், வண்டியின் வாலில், ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. நேற்று சர்வீஸ் முடிந்தது, இன்று சோதனை. ஏசி, பிரிட்ஜ், விளக்கு எல்லாவற்றையும் போட்டு, முழு லோடில், கதவைச் சாத்திக்கொண்டு ஒரு ஆள் உள்ளே உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதிர்கிறதா, விளக்கு மினுங்குகிறதா, புகை நாற்றம் வருகிறதா என்று. அந்த ஒரு ஆள் நான். இந்த ஆஸ்பத்திரியின் கருவிகளையெல்லாம் பார்த்துக்கொள்கிற லூர்துமேரி. முன்னொரு காலத்தில் கேன்டீன் பக்கம் நடந்து போனபோது சமையல்காரர்கள் யாருக்கும் தெரியாத கேஸ் கசிவை நான் சொல்லிவிட்டேன் என்பதற்காக மூக்கு மேடம் என்று பெயர் வாங்கினவள். நான் இறங்கிச் சரி என்று சொன்னால் வண்டி பெண்கள் கல்லூரிக்குப் போகும். அங்கே பிள்ளைகள் சுடிதார்க் கையை மேலே சுருட்டிக்கொண்டு, பயத்தை மறைக்கச் சிரித்துக்கொண்டு, வரிசையில் நிற்பார்கள். மதியம்வரை இந்தக் கதவு அவர்களை உள்ளே வைத்துச் சப்பென்று ஒட்டும்.

வெளியே பார்க்க வேண்டியதையெல்லாம் பார்த்தாயிற்று. ஜெனரேட்டர் பெல்ட்டுக்கு மேல் இரும்புக் கூண்டு திரும்ப மாட்டியிருக்கிறது, பேட்டரி முனைகள் இறுகியிருக்கின்றன, எர்த் கம்பி மண்ணில் அடித்த தண்டோடு சேர்ந்திருக்கிறது, அவசரத்துக்கு அமுக்குகிற சிவப்புப் பொத்தான் வேலை செய்கிறது. எல்லாம் சரி. எல்லாம் அருவருப்பு. மெக்கானிக் வைரவன் பாக்கை மென்றபடியே என்னோடு பேசினார், பேச்சுக்கு நடுவில் பின்சக்கரத்தின்மேல் துப்பினார், டயரின் பள்ளங்களில் அது சிவப்பாக இறங்கியது, ரத்ததான வண்டிக்குப் பொருத்தம்தான். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, துடைக்கத் துணி தேடி, வார்டிலிருந்து யாரோ கொடுத்த வெள்ளை காஸ் துணியால் துடைத்தார். புண்ணுக்கு வைக்கிற துணி. அந்த வெள்ளையில் கறுப்பு பரவியதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு கூசியது. நேற்றுக் கூண்டைக் கழற்றியபோது உள்ளே எலிக்கூடு இருந்ததாம், பஞ்சும் காஸும் யாருடைய ரத்தமோ காய்ந்து ஒட்டிய பிளாஸ்திரியுமாகக் கட்டின கூடு, தாய் எலி வெந்து தோலாகிக் கிடந்தது, அதை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். எதற்கு எடுத்து வைத்தீர்கள் என்றேன். "உங்களுக்குக் காட்டத்தான் மேடம். செஞ்ச வேலைய யாரு நம்புறாங்க?" என்று சிரித்தார், பல்லெல்லாம் செங்கல் நிறம். அதற்குப் பிறகு அதே கையால் நெற்றியைத் துடைத்து, அதே கையால் டிரைவர் ஆண்டியண்ணன் நீட்டிய வடையை வாங்கிக்கொண்டார். நான் திரும்பிக்கொண்டேன். அருவருப்பு என்பது ஒருவிதமான அகங்காரம் என்று எங்கள் பங்குச் சாமியார் ஒருமுறை பிரசங்கத்தில் சொன்னார், அவர் மூக்கில் மயிர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது, பூசை முடியும்வரை நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே ஊதுபத்தி. சர்வீஸ் முடிந்தால் ஆண்டியண்ணன் வண்டிக்குப் பூசை போடாமல் விடமாட்டார். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம், ஸ்டியரிங்குக்கு மாலை, ஜெனரேட்டர் பெட்டிக்கு மூன்று பட்டை, பிறகு படுக்கைகளுக்கு நடுவில் நின்று பத்தியைச் சுற்றிச் சுற்றிக் காட்டி, அதை வாழைப்பழத்தில் செருகி வைத்துவிட்டு இறங்குவார். சோதனைக்கு முன்னால் பத்தி கொளுத்தாதீர்கள் அண்ணே, நாற்றம் தெரியாமல் போய்விடும் என்று எத்தனையோ முறை சொல்லியாயிற்று. "சாமிக்குக் காட்டாத வண்டிய எப்படி மேடம் எடுக்கறது?" என்பார். புகையிலிருக்கிற கார்பன் மோனாக்சைடைக் கண்டால் கத்துகிற அலாரம் ஒன்று, நிறமில்லாத மணமில்லாத அந்த நச்சுவாயுவுக்கென்றே வாங்கினது, கதவுக்கு மேலே இருக்கிறது. போன ஆயுத பூசையன்று கரியள்ளிப்போட்டு சாம்பிராணி காட்டியபோது அது அலறத் தொடங்கிவிட்டது. தீபாராதனை நேரத்தில் ஒப்பாரி மாதிரி அலறினால் யாருக்குத்தான் பிடிக்கும், உள்ளேயிருந்த பேட்டரியைக் கழற்றி எங்கேயோ வைத்தார்கள், வைத்த இடம் மறந்துபோனது. செத்த அலாரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார்கள். அது நெற்றியில் பொட்டோடு என்னைப் பார்க்கிறது. புதிது கேட்டு எழுதினேன். மூக்கு மேடம் இருக்கும்போது அலாரம் எதற்கு என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னாராம், எல்லாரும் சிரித்தார்களாம், அதை என்னிடம் பாராட்டாகச் சொன்னார்கள். நானும் சிரித்தேன்.

சிரித்தேன், ஏனென்றால் என் மூக்கு கெட்டுப்போய் இரண்டு வருடம் ஆகிறது, அது அவர்களுக்குத் தெரியாது. அந்தக் கொரோனாக் காய்ச்சல் வந்தபோது முதலில் வாசனையே இல்லாமல் போனது, எல்லாருக்கும் போன மாதிரிதான், பிறகு எல்லாருக்கும் திரும்பி வந்தது. எனக்கும் வந்தது, ஆனால் வந்தது வேறொன்று. காப்பியைக் கிட்டே கொண்டு வந்தால் ஈரத்துணி மடித்தபடியே அழுகி அதன்மேல் மயிரைக் கருக்கின மாதிரி ஒரு நாற்றம். வெங்காயம் வதங்கினால் அதே நாற்றம். சோப்பு, பற்பசை, மல்லிகை, மாதா கோயிலில் தூபம், புதுப் புத்தகம், மழை, எல்லாம் அதே. உலகத்திலுள்ள ஆயிரம் மணங்களையும் யாரோ கொப்பரையில் கொட்டிக் கிண்டி ஒரே நாற்றமாக எனக்கு ஊற்றுகிறார்கள், அதற்கு ஒரு பெயர்கூட இல்லை. டாக்டர்களிடம் சொன்னால் என்ன ஆகும், மருந்து இல்லை என்பார்கள், அதோடு வண்டியைப் பார்க்க வேறு ஆள் போடுவார்கள். ஓய்வு பெறுகிற வயதில் என்னிடமிருந்து கழற்றுவதற்கு அந்த ஒரு பெயர்தான் இருக்கிறது. ஆகவே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். சோதனைக்கு ஆண்டியண்ணனைக் கூடவே உட்காரவைப்பேன். மகள் கல்யாணம், மாப்பிள்ளையின் குடி என்று அவர் பேசிக்கொண்டிருப்பார், நான் அவர் மூக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அது சுருங்குகிறதா, பேச்சை நிறுத்தி ஒருமுறை உறிஞ்சுகிறாரா. அவர் மூக்கு என் மூக்கு. அகலமான, கரும்புள்ளி நிறைந்த, எண்ணெய் வழிகிற அந்த மூக்கைத்தான் இரண்டு வருடமாக நான் சம்பளம் வாங்கப் போட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று அவர் இல்லை. வடை தின்றுவிட்டு டீக்கு நிற்கிறார், மேடம் நீங்க பாருங்க நான் வந்துர்றேன் என்றார், வாருங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, ஏன் என்று கேட்டுவிட்டால்? கதவைச் சாத்துங்கள் என்று சொல்லிவிட்டேன்.

பத்தியின் நாற்றம் என் அழுகல் துணியாக இங்கே தொங்குகிறது. அதன் அடியில் வேறு ஏதாவது இருக்கிறதா, தேடுகிறேன், குப்பைத் தொட்டிக்குள் கைவிட்டு விழுந்த கம்மலைத் தேடுவதுபோல. டீசல் புகை இப்போது எனக்கு எப்படி இருக்கும் என்றே தெரியாது. சில நாள் அழுகல், சில நாள் ஒன்றுமே இல்லை, சாலையில் லாரி முகத்துக்கு நேராகக் கரும்புகை விட்டுப்போகும், பக்கத்தில் நிற்பவள் முந்தானையால் மூக்கைப் பொத்துவாள், நான் சும்மா நிற்பேன், பிறகு ஞாபகம் வந்து நானும் பொத்துவேன். எல்லாரையும் போல முகம் சுளிக்கப் பழகிக்கொண்டேன். சுளிக்க வேண்டாத இடத்தில் சுளிக்காமல் இருக்கத்தான் பழக முடியவில்லை. அவர் காலையில் காப்பி போட்டுக்கொண்டு வருவார், என் வீட்டுக்காரர், சேவியர், கல்யாணமான நாளிலிருந்து காலைக் காப்பி அவர்தான். காப்பி நாறுகிறது என்று அவரிடம் சொல்லிவிட்டேன், அதனால் இப்போது ஆறவைத்த பால் கொண்டுவருகிறார். அவரே நாறுகிறார் என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவர் கழுத்து, சட்டைக் காலர், தலையணையில் அவர் தலை வைத்த குழி, எல்லாம் அந்த ஒரே அழுகல். படுக்கையை மாற்றியபோது முழங்கால் வலி, ஹாலில்தான் காற்று வருகிறது என்றேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒருநாள் பார்த்தேன், குளியலறையில் மூன்று வகை சோப்பு. அந்த ஆள் ஒரு நாளைக்கு மூன்று முறை குளிக்கிறார். குளித்துவிட்டுப் பவுடர் போட்டுக்கொண்டு வந்து சோபாவின் அந்தக் கடைசியில் உட்கார்கிறார், காற்றாடி எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து உட்கார்கிறார். பவுடரும் எனக்கு நாறத்தான் செய்கிறது. அவரைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது, ஒரு மனிதரைப் பார்த்து ஒரே நேரத்தில் அழுகையும் குமட்டலும் வந்தால் எதை முதலில் செய்வது. இரண்டையும் விழுங்கிக்கொண்டு டிவி பார்க்கிறேன்.

விளக்கு மினுங்கவில்லை. மீட்டரில் வோல்டேஜ் பார்த்தேன், சரி. அந்தச் சின்னத் தட்டு ஆடிக்கொண்டிருக்கிறது, பை எதுவும் இல்லாமல், பிள்ளை இல்லாத தொட்டில் மாதிரி, அதை நிறுத்த மறந்துவிட்டேன், லோடு வேண்டுமே, ஆடட்டும். போன முகாமில் ஒரு பெண், பாலக்கரைப் பக்கத்துப் பிள்ளை, ஊசியை எடுக்கும்போதே கண் செருகிவிட்டது. நர்சுகள் பதறவில்லை. காலைத் தூக்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, மாம்பழ ஜூஸை வாயில் வைத்தார்கள், அது கன்னத்தில் வழிந்து கழுத்துக்குள் இறங்கியது, மஞ்சளாக, பிசுபிசுவென்று. ரத்தம் கொடுத்தால் ஒன்றிரண்டு பேர் மயங்கத்தான் செய்வார்கள். சாப்பிடாமல் வந்திருப்பாள், பயந்திருப்பாள், வெயில். மயக்கத்துக்கு இந்த வண்டியில் காரணம் தேட வேண்டியதே இல்லை, காரணம் எப்போதும் தயாராகப் படுத்திருக்கிறது. இந்த வண்டிக்குள் புகை வந்தாலும் அப்படித்தான் சொல்வார்கள். காலைத் தூக்கிப் பிடிப்பார்கள், ஜூஸ் ஊற்றுவார்கள், அடுத்த பிள்ளையைக் கூப்பிடுவார்கள், கதவைச் சாத்து ஏசி போகுது என்பார்கள். இதை நான் முன்பு யோசித்ததில்லை. யோசித்தேனா? யோசித்திருப்பேன். யோசித்து வேறெங்காவது வைத்திருப்பேன், அலாரத்தின் பேட்டரியைப் போல.

இப்போது கொஞ்சம் பரவாயில்லை. பத்தி அணைந்திருக்க வேண்டும். நாற்றம் அடங்கிவிட்டது. ஏசி நன்றாகக் குளிர்கிறது, வைரவன் துப்பினாலும் வேலை தெரிந்த ஆள்தான், எல்லாரையும் குற்றம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன், வயதாகிறது. உட்கார்ந்துகொள்கிறேன். இந்த ரெக்சின் படுக்கை எத்தனை பேர் வியர்வையில் ஊறியது, போன வாரம்கூட விரலால் தொட அருவருத்தேன், இப்போது வெறும் படுக்கை. சாய்ந்தால் நன்றாக இருக்கும். எல்லாம் சரியாக இருக்கிறது. விளக்கு சரி, அதிர்வு சரி. அவர் கழுத்து ஞாபகம் வருகிறது. கல்யாணமான புதிதில் காவேரிப் பாலத்தில் சைக்கிளில் போகும்போது பின்னால் உட்கார்ந்து அந்தக் கழுத்துக்குப் பக்கத்தில் என் முகம், வியர்வையும் தேங்காயெண்ணெயும் கடையில் அவர் வெட்டிக்கொண்டிருந்த புதுத்துணியின் கஞ்சி மணமும், காற்று அதை என் முகத்தில் அடித்துக்கொண்டே வரும். இப்போதும் முகத்தை வைக்கலாம் போலிருக்கிறது. வைத்தால் குமட்டாது. இன்றைக்குப் போய்ச் சொல்ல வேண்டும், இங்கே பாருங்கள், இந்தப் பக்கம் வந்து உட்காருங்கள். அவர் நம்பமாட்டார். காற்றாடியைப் பார்ப்பார். காற்றாடி கிடக்கட்டும். தட்டு ஆடுகிறது. ஆடி ஆடி. மீட்டரைப் பார்த்தேன், எவ்வளவு என்று பார்த்தேன், கண்ணை எடுத்ததும் மறந்துவிட்டது, திரும்பப் பார்த்தேன், சரி. எவ்வளவு? சரி. நெற்றியைச் சுற்றி யாரோ ஈரத்துண்டை இறுக்கிக் கட்டுகிறார்கள், அம்மா காய்ச்சலுக்குக் கட்டுவாள், இதமாக இருக்கிறது, கொஞ்சம் இறுக்கம், கொட்டாவி வருகிறது. திறந்த வாயை மூட வேண்டும். நேற்று சரியாகத் தூங்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக. எலி எப்படித் தூங்கியிருக்கும், பஞ்சு போட்டு, இதமாக, இயந்திரத்துச் சூட்டில், நல்ல கூடு. அதைப் பார்த்து எதற்காகக் கூசினேன். இப்போது கூசவில்லை. ஒன்றுமே கூசவில்லை. இரண்டு வருடத்தில் இப்படி ஒரு, இப்படி ஒரு, என்ன சொல்ல வந்தேன், இப்படி ஒரு நேரம் வந்ததில்லை. வந்ததில்லை. இரண்டு வருடத்தில் ஒரு மூச்சுகூட அருவருப்பில்லாமல் நான் விட்டதில்லை. கர்த்தரின் அப்பத்தைக்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்கினேன். பிறகு இது எப்படி? இங்கே பத்தி அணையவில்லை. அதோ வாழைப்பழத்தில் அது புகைந்துகொண்டுதானே இருக்கிறது. நுனியில் சிவப்பு. அது எனக்கு நாற வேண்டும். எனக்கு ஏன் நாறவில்லை. ஏன் எனக்கு நன்றாக இருக்கிறது. எனக்கு நன்றாக இருக்கக்கூடாது. எழுந்திரு. கால் எங்கே. லூர்து, எழுந்திரு, கதவு, கதவு எந்தப் பக்கம், இந்தக் கைப்பிடி கீழேயா மேலேயா, நானே வாங்கிப் போட்ட கைப்பிடி, கீழே, கீழே.

வெயில் அறைந்தது. படியில் உட்கார்ந்து வாந்தியெடுத்தேன், வெறும் தண்ணீர், என் செருப்பின்மேல், புடவைக் கொசுவத்தின்மேல். எழுந்து, வண்டியின் தகரத்தைப் பிடித்துக்கொண்டே பின்பக்கம் போய் அந்தச் சிவப்புப் பொத்தானை உள்ளங்கையால் அடித்தேன். ஜெனரேட்டர் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது.

"ஐயய்யோ, மேடத்துக்கு என்னாச்சு?" என்று ஆண்டியண்ணன் டீ கிளாசோடு ஓடிவந்தார். வைரவன் சக்கரத்தடியிலிருந்து தலையை நீட்டினார். "ஓடுற இன்ஜின அப்படி அடிச்சா நிறுத்துறது? லோடுல இருக்கும்போது நிறுத்துனா என்னா ஆகும்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?"

"வண்டி போகாது," என்றேன். நாக்கு தடித்திருந்தது.

டாக்டர் மைதிலி வந்துவிட்டாள். ரத்த வங்கிக்குப் பொறுப்பு, என் மகள் வயது, கோட்டுப் பையில் எப்போதும் இரண்டு போன். என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். "காலையில என்ன சாப்பிட்டீங்க மேடம்?"

ஒன்றும் சாப்பிடவில்லை. எதைச் சாப்பிட முடிகிறது எனக்கு.

"பாத்தீங்களா? இந்த வெயில், வெறும் வயிறு, இந்த வயசு. ஆண்டியண்ணே, ஒரு ஜூஸ் எடுங்க." காரணம் தயாராகப் படுத்திருந்தது, அவள் அதை எழுப்பி நிறுத்தினாள். மாம்பழ ஜூஸில் குழாயைக் குத்தி என் வாயருகே நீட்டினார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"உள்ளே புகை வருது டாக்டர்."

பொய் சொன்னால் போதும் என்று நினைத்தேன். மூக்கு மேடம் சொன்னால் கேட்பார்கள். டாக்டர் நிமிர்ந்தாள். "நாத்தம் வந்துச்சா? என்ன நாத்தம்?"

"புகை நாத்தம். எரியற மாதிரி."

வைரவன் சிரித்துவிட்டார். "அது பெயின்டு மேடம்! சைலன்சருக்கு நேத்துதான் சில்வர் பெயின்டு அடிச்சேன். சூட்டுல தீயும். கொஞ்ச நேரம் ஓடுனா போயிரும். எந்த வண்டிக்கும் அப்படித்தான." கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு உறிஞ்சினார். "எங்க? பத்தி வாசந்தான் கமகமன்னு இருக்கு." ஆண்டியண்ணனும் தலையை நீட்டி உறிஞ்சினார், நான் நம்பியிருந்த அந்த மூக்கு. "ஆமா டாக்டர், சாமி வாசம்தான்."

"அப்ப சரி," என்று டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "காலேஜ்ல பிள்ளைங்க காலையிலேர்ந்து வெயிட் பண்றாங்க. மேடம், நீங்க வர வேண்டாம், வார்டுல படுங்க. சிஸ்டர்ஸ ஏறச் சொல்லுங்க அண்ணே."

அவர்கள் நகரத் தொடங்கினார்கள். என் வாயில் கசப்பு, செருப்புக்குள் என் வாந்தியின் ஈரம், அழுகல் துணி திரும்பி வந்துவிட்டது, வைரவனின் பாக்கு, டீசல் மண், கேன்டீன் வெங்காயம் எல்லாம் அதே நாற்றமாக, திரும்ப, பத்திரமாக. பேசாமல் இருந்தால் மூக்கு மேடமாகவே வீட்டுக்குப் போகலாம். ஏதாவது நடந்தாலும் ஜூஸ் கொடுப்பார்கள். எனக்கு என்மேலேயே குமட்டியது.

"டாக்டர், எனக்கு நாத்தம் தெரியாது," என்றேன்.

"என்ன மேடம்?"

"எனக்கு மூக்கு போயிருச்சு. அந்தக் காய்ச்சலோட போச்சு. பெயின்டு நாத்தமும் தெரியல, புகை நாத்தமும் தெரியல. இப்ப சொன்னது பொய். உள்ளே ஒண்ணுமே தெரியல, சுகமா இருந்துச்சு. தலை இறுக்கிச்சு, மீட்டர்ல எண்ணைப் படிக்க முடியல, கதவு எப்படித் திறக்கறதுன்னு மறந்துபோச்சு. சாப்பிடாததால அப்படி வராது. கதவு திறந்தாச்சு, இப்ப மோந்து பாத்து என்ன தெரியும்? அந்த விஷவாயுவுக்கு நாத்தமே கிடையாது."

டாக்டரின் முகத்தில் ஒன்று மாறியது. நான் எதிர்பார்த்த பயம் இல்லை அது. வண்டியைப் பார்க்கவில்லை அவள், என்னைப் பார்த்தாள், பெயர் ஒட்டாத ரத்தப் பையைப் பார்ப்பதுபோல.

"அந்தக் காய்ச்சல்னா, ரெண்டு வருஷம் ஆச்சே. இத்தனை முகாமுக்கும் நீங்கதான உள்ளே உக்காந்து பாத்து அனுப்புனீங்க?"

ஆண்டியண்ணன் தன் மூக்கைத் தொட்டுக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"யாரும் ஏற வேண்டாம்," என்றாள் டாக்டர். போனை எடுத்துக்கொண்டு வேப்பமர நிழலுக்குப் போனாள், கல்லூரிக்கு என்ன காரணம் சொல்வது என்று யோசித்தபடி. வண்டி நின்றுவிட்டது. புகை வருகிறது என்று யாரும் நம்பியதால் நிற்கவில்லை, என்னை நம்ப முடியாது என்பதால் நின்றது. எதனால் நின்றால் என்ன. நின்றது.

வைரவனுக்கு மட்டும் அது போதவில்லை. அவர் வேலையை ஒரு மூக்கில்லாதவள் குறை சொல்லிவிட்டாள். "சைலன்சர் ஜாயின்டு நானே மாட்டுனது. புது கேபிள் இழுத்தது ஒண்ணுதான் புதுசு, அதுவும் அடியில இழுத்து நல்லா இறுக்கிருக்கேன். புகை எந்த வழியா வரும்? சுவத்த ஒடச்சிக்கிட்டா வரும்?" பாக்கைத் துப்பிவிட்டு டார்ச்சை எடுத்தார். "நீங்க ஏறி தரையப் பாருங்க மேடம். கதவெல்லாம் தொறந்து கெடக்கு, ஒண்ணும் ஆவாது. நான் அடியிலேர்ந்து ஒவ்வொரு எடமா அடிச்சுக் காட்டுறேன். ஒரு பொட்டு வெளிச்சம் வந்துச்சுன்னா இந்த மீசைய எடுத்துர்றேன்."

"மீசைய வச்சு நாங்க என்னா பண்றது?" என்றார் ஆண்டியண்ணன்.

வைரவன் மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தார். நான் படியேறினேன். கதவு அகலத் திறந்திருக்க, வெளிக்காற்று அழுகலை வாரிக்கொண்டு வந்து என் முகத்தில் போட்டது, அதை மூச்சு முட்ட இழுத்துக்கொண்டு நின்றேன். விளக்கில்லாத வண்டிக்குள் கறுப்புக் கண்ணாடிகளின் அரை இருட்டு. அடியில் அவர் முதுகு மண்ணில் உராய்கிற சத்தம், இரும்பில் டார்ச் இடிக்கிற சத்தம், கெட்டவார்த்தை ஒன்று. படுக்கைகளின் காலடியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை. இல்லாமல் போய்விடும், எனக்கு மயக்கம்தான் வந்தது, வயதுதான், வெறும் வயிறுதான் என்று ஆகிவிடும் என்று நினைத்தபோது என் தலைக்கு மேலே ஏதோ வெளுத்தது.

கூரையில் ஒரு வெளிச்சம். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு பக்கம் நசுங்கின வட்டம். கீழே பார்த்தேன். பிரிட்ஜுக்கும் கடைசிப் படுக்கைக்கும் நடுவில், புதுக் கேபிள் ஏறி வருகிற இடத்தில், கேபிளைவிடப் பெரிதாகத் துளைத்த துளை, சுற்றி அடைக்க ஒன்றும் வைக்காமல் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. அந்தப் படுக்கையில் தலை வைக்கிற பக்கம் அது. படுப்பவள் சின்னப் பெண்ணாக இருந்தால் பின்னல் சரியாக அதன்மேல் தொங்கும். துளைக்குள்ளிருந்து வந்த வெளிச்சத்தில் தூசி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது, அழகாகத்தான் இருந்தது, குமட்டியது.

"என்னா மேடம்," கீழேயிருந்து வைரவன் குரல், டின்னுக்குள்ளிருந்து பேசுவதுபோல. "எதாச்சும் தெரியுதா?"

தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். இன்றைக்கு என் வாயிலிருந்து வருவதை யார் எடுத்துக்கொள்வார்கள்.

"டார்ச்ச எடுக்காதீங்க," என்றேன். "அங்கேயே, அப்படியே மண்ணுல வச்சிட்டு நீங்க மேல வாங்க. வரும்போது டாக்டரையும் கூப்பிட்டு வாங்க."